இயல்பாகப் பாடும் சீடி பிளேயர்: யாழ்ப்பாணத்து வீட்டுக்கு ஒன்று தேடும் வழி

ஊர்க் கோயிலில் மேளச் சமா நடக்கும்போது முன்னுக்குப் போய் மண்ணில் இருந்து கேட்டிருக்கிறீர்களா? ஒலிபெருக்கியில் வருகிற சத்தத்தைச் சொல்லவில்லை. நாதஸ்வரக்காரர் மூச்சு இழுப்பதும் தவிலின் தோல் அதிர்வதும் நேரே வந்து காதில் விழுமே, அதைச் சொல்கிறேன். அதைக் கேட்டு வளர்ந்தவருக்கு நல்ல சீடி பிளேயர் எது என்று கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு ஒன்றும் தேவையில்லை. இணுவில், அளவெட்டி என்று ஊர்ப்பெயரைச் சொன்னாலே தவிலும் நாதஸ்வரமும் ஞாபகத்துக்கு வருகிற மண் இது. 1975இல் மறைந்த யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தவிலை நேரில் கேட்ட பெரியவர்கள், அதைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் கை தானாகத் தொடையில் தாளம் போடும். அந்தக் காதை நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

வெளிநாட்டில் இருந்து சொந்தக்காரர் அனுப்பிய சீடிகள் ஒரு பெட்டி நிறைய இருக்கிறது, வீட்டில் நிம்மதியாக இருந்து கேட்க ஒரு பிளேயர் வேண்டும், எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. நீங்கள் அப்படி நிற்கிறீர்கள் என்றால் இது உங்களுக்கு.

"இயல்பான ஒலி" என்று எதைச் சொல்கிறோம்

நாதஸ்வரம் உரத்த வாத்தியம். நேரில் எவ்வளவு உரத்துக் கேட்டாலும் அதற்குள் ஒரு சதைப்பிடிப்பு இருக்கும், காதைக் கீறாது. சரியில்லாத பிளேயரில் அதே நாதஸ்வரம் தகர ஊதல்போல மெலிந்து கூசும். இது முதல் அடையாளம்.

அடுத்தது தவில். வலந்தலையில், அதாவது விரலால் வாசிக்கும் பக்கத்தில், விரல்கூடுகள் போடும் தாளச் சொற்கள் கூர்மையாக வரவேண்டும். தொப்பி என்கிற மற்றப் பக்கத்தில் கழி விழுந்ததும் அடி, அதன் பின்னால் தோலின் அதிர்வு, பிறகு அது அடங்குவது என்று மூன்றும் தனித்தனியாகக் கேட்கவேண்டும். எல்லாம் சேர்ந்து "டம்" என்று ஒரே கட்டியாக வந்தால் எங்கோ பிழை இருக்கிறது.

குரலில் கவனிக்கவேண்டியது ச, ஸ, ஷ என்ற எழுத்துகள். பாடகர் அவற்றைச் சொல்லும்போது பாம்பு சீறுவதுபோல நீண்டால் அந்தப் பிளேயருடன் ஒரு மணி நேரம் இருக்க முடியாது. கடைசியாகத் தம்புரா. ஒவ்வொரு தந்தியும் மீட்டிய பிறகு மெல்ல மெல்லத் தேய்ந்து அடுத்த தந்திக்குள் கலக்கும். அந்தத் தேய்வு நடுவில் அறுபடாமல் கேட்டால் மெல்லிய சத்தங்களையும் பிளேயர் ஒழுங்காகக் கையாளுகிறது.

தம்புராவைச் சொன்னதும் ஒரு நினைவு. 1990க்குப் பிறகு குடாநாட்டில் கறண்ட் இல்லாத ஆண்டுகளில் எங்கள் வீட்டில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவில் கசற் பிளேயரை ஓட்டினோம். மிதியைச் சுற்றுகிறவருக்குக் கை களைத்தால் பாட்டும் களைக்கும், சுருதி கீழே இறங்கும். கன வருடம் கழித்து முதன்முதலாகச் சீடியில் ஒரு கச்சேரி கேட்டபோது என்னைப் பிடித்து இருத்தியது பாடகரின் குரல் அல்ல, பின்னால் ஆடாமல் அசையாமல் நின்ற அந்தத் தம்புராச் சுருதிதான். சீடி பிளேயரில் வேகத்தை ஒரு குவார்ட்ஸ் பளிங்கு கட்டுப்படுத்துகிறது. சுருதி நிலைத்து நிற்பதில் மலிவான பிளேயரும் விலைகூடிய பிளேயரும் ஒன்றுதான்.

பிளேயர்களுக்குள் எவ்வளவு வித்தியாசம்

சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து உருவாக்கிய சீடி 1982இல் விற்பனைக்கு வந்தது. ஒரு செக்கனுக்கு 44,100 தடவை, ஒவ்வொரு தடவையும் 16 பிட் எண்ணாக, இடது வலது இரண்டு பக்கத்துக்கும் ஒலி பதியப்பட்டிருக்கும். எந்தப் பிளேயரில் போட்டாலும் லேசர் வாசிப்பது இதே எண்களைத்தான். அந்த எண்களை மின் அலையாக மாற்றும் சிப், அதற்குப் பின்னால் வரும் வடிகட்டி, வெளியே அனுப்பும் பகுதி, எல்லாவற்றுக்கும் கறண்ட் கொடுக்கும் பவர் சப்ளை ஆகிய இடங்களில்தான் பிளேயருக்குப் பிளேயர் வித்தியாசம் வருகிறது.

அந்த வித்தியாசம் உண்மை, ஆனால் சின்னது. ஸ்பீக்கரை மாற்றினால் வரும் வித்தியாசம் அதைவிடப் பெரியது. அறையைத் திருத்தினால் வருவதும் அப்படித்தான். ஆகவே காசு எடுத்துக்கொண்டு கடைக்குப் போவதற்கு முன் வீட்டைப் பாருங்கள்.

முதலில் அறை

எங்கள் வீட்டு ஹோல்களில் சீமெந்து நிலம் அல்லது மாபிள், பூசின சுவர், கண்ணாடி யன்னல், நாலு பிளாஸ்டிக் கதிரை. நடுவில் நின்று ஒருமுறை பலமாகக் கைதட்டுங்கள். தட்டின பிறகு "ணங்" என்று ஒரு வால் நீண்டால், அந்த வால் நீங்கள் கேட்கும் ஒவ்வொரு பாட்டிலும் ஒட்டிக்கொள்ளும். பலர் பிளேயர் கூசுகிறது என்று சொல்வது உண்மையில் சுவர் கூசுவதுதான்.

பனையோலைப் பாயை விரித்தால் போதும் என்று நினைக்கவேண்டாம், அது மெல்லியது, அதிகம் உறிஞ்சாது. தடித்த யன்னல் சீலை, பஞ்சு மெத்தை போட்ட சோபா, தடித்த கம்பளம், புத்தகம் நிறைந்த அலுமாரி என்பவை வேலை செய்யும். ஸ்பீக்கர்களைச் சுவரோடு ஒட்டி வைக்காமல் ஒன்றிரண்டு அடி முன்னுக்கு எடுங்கள். கூர்மையான சத்தம் தரும் சின்ன ஸ்பீக்கர் உங்கள் காது மட்டத்துக்கு வரவேண்டும். இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் உள்ள தூரமும் ஒவ்வொன்றில் இருந்தும் உங்களுக்கு உள்ள தூரமும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் நல்லது. இதைச் செய்து ஒரு கிழமை கேளுங்கள். இருக்கிற பழைய டிவிடி பிளேயரே போதும் என்று தோன்றினால் காசு மிச்சம்.

மூன்று சீடிகள்

எந்தப் பிளேயரைப் பார்க்கப் போனாலும் ஒரே மூன்று சீடிகளைக் கொண்டு போங்கள். ஒன்று, நீங்கள் மனப்பாடமாக அறிந்த ஒரு குரல். இரண்டாவது, நாதஸ்வரமும் தவிலும், அல்லது வயலினும் மிருதங்கமும். மூன்றாவது, 70 நிமிடத்துக்குக் கிட்ட ஓடுகிற நீளமான ஒரு சீடி. அது ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

மூன்றும் கம்பனி அச்சிட்ட அசல் சீடிகளாக இருக்கவேண்டும். இதை அழுத்திச் சொல்கிறேன். 2000களில் எங்கள் பக்கம் கைமாறிய சீடிகளில் நிறைய, ஒலியைச் சுருக்கி வைக்கும் எம்.பி.3 கோப்புகளில் இருந்து திரும்ப எழுதியவை. அப்படிச் சுருக்கும்போது மேற்பக்கச் சத்தங்கள் வெட்டுப்பட்டுவிடும். பிறகு அதை எந்த உயர்ந்த பிளேயரில் போட்டாலும் போனது திரும்பி வராது. அசல் சீடியின் அடிப்பக்கம் வெள்ளி நிறமாக இருக்கும். பச்சையோ நீலமோ கலந்து தெரிந்தால் அது வீட்டிலோ கடையிலோ எழுதியது.

புதிதா, பழையதா, இரண்டு துண்டா

புதிது வாங்க வசதியிருந்தால் அதுதான் தலையிடி குறைந்த வழி. யமஹா சிடி-எஸ்303, மராண்ட்ஸ் சிடி6007, டெனன் டிசிடி-600என்இ ஆகிய மூன்றும் அண்மைய ஆண்டுகளில் வந்த, தொடக்கக்காரருக்கு ஏற்ற பிளேயர்கள். என் காதுக்கு மராண்ட்ஸ் கொஞ்சம் மென்மை, யமஹா கொஞ்சம் தெளிவு. உங்கள் ஸ்பீக்கர் ஏற்கெனவே கூர்மையாகப் பேசுகிறது என்றால் மென்மையின் பக்கம் போங்கள்.

பழைய பிளேயர்களில் பெயர்போனவை இருக்கின்றன. பிலிப்ஸ் டிடிஏ1541 சிப் போட்ட 1980களின் பிளேயர்களைத் தேடித் திரிகிறவர்கள் உலகம் முழுக்க உண்டு. நானும் ஒன்று கேட்டிருக்கிறேன், குரலில் நல்ல உடம்பு இருக்கும். ஆனால் சிப்பின் பெயரைப் பார்த்து வாங்காதீர்கள். அந்தக் காலத்துப் பிலிப்ஸ் லேசர் பகுதிகள் உற்பத்தி நின்று கன காலம். லேசர் போனால் இன்னொரு பழைய பிளேயரை உடைத்துத்தான் எடுக்கவேண்டும். யாழ்ப்பாணத்தில் அதற்கு அலைவது லேசல்ல. சோனி கேஎஸ்எஸ்-213 வகை லேசர் போட்ட பிளேயர் என்றால் அதற்குப் பதில் பாகம் இன்றும் கிடைக்கும், ஊரில் ரேடியோ திருத்துகிறவரே மாற்றிவிடுவார். புகழ்பெற்ற, ஆனால் நோய் பிடித்த பிளேயரைவிட, பெயர் தெரியாத, சுகமான பிளேயர் நன்றாகப் பாடும். ஒன்றுக்கு இரண்டு தடவை பட்டுத் தெரிந்துகொண்டது இது.

மூன்றாவது வழி, பழைய டிவிடி பிளேயரை வாசிப்பதற்கு மட்டும் வைத்துக்கொண்டு, எண்களை ஒலியாக மாற்றும் வேலைக்கு டாக் என்கிற தனிப்பெட்டியை வாங்குவது. டிவிடி பிளேயரின் பின்பக்கத்தில் "கோக்ஸியல்" அல்லது "ஒப்டிக்கல்" என்று ஒரு துளை இருந்தால் இது சாத்தியம். காசு குறைவாக உள்ளவருக்கு நான் முதலில் சொல்லும் வழி இதுதான். பின்னாளில் டிவிடி பிளேயர் செத்தாலும் டாக் கையில் நிற்கும்.

பின்பக்கத் தகடு

எங்கள் வீட்டுக் கறண்ட் 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். இலண்டன், பாரிஸ், சூரிச், ஒஸ்லோவில் இருந்து வருகிற பிளேயர்கள் அப்படியே ஓடும், பிளக் மாத்திரம் மாற்றினால் சரி. கனடாவில் இருந்து வருபவை 120 வோல்ற். ஜப்பானில் இருந்து வரும் பழைய பிளேயர்கள் 100 வோல்ற்.

மாமா கனடாவில் இருந்து வந்தபோது எனக்கென்று ஒரு பிளேயரைச் சூட்கேசில் உடுப்புகளுக்கு நடுவில் பத்திரமாகச் சுற்றிக் கொண்டு வந்தார். ஆசையில் தகட்டைப் பார்க்காமல் சுவரில் கொழுவினேன். இரண்டு செக்கனில் எரிந்த வாசம் வந்தது. மாமா ஒன்றும் சொல்லவில்லை. இன்றைக்கும் அந்த வாசம் மூக்கில் இருக்கிறது, அதனால்தான் சொல்கிறேன்: கொழுவுவதற்கு முன் பின்பக்கத் தகட்டை வாசியுங்கள்.

சில பிளேயர்களில் பின்னால் 110, 220, 240 என்று மாற்றும் ஆளி இருக்கும். இல்லாவிட்டால் வோல்ற் குறைக்கும் ட்ரான்ஸ்போமர் வேண்டும். சீடி பிளேயர் பொதுவாக 20 வாட்டுக்குள் எடுக்கும், ஆகவே 100 வாட் ட்ரான்ஸ்போமர் தாராளம். 100 வோல்ற் பிளேயருக்கு 100க்கும் 120க்கு 120க்கும் இறக்குவதைக் கேட்டு வாங்குங்கள், 110 என்று பொதுவாகத் தருவதை எடுக்கவேண்டாம். தகட்டில் 60 ஹேர்ட்ஸ் மட்டும் போட்டிருந்தால் எங்கள் 50 ஹேர்ட்ஸில் உள்ளே உள்ள ட்ரான்ஸ்போமர் கொஞ்சம் கூடச் சூடாகும், காற்றோட்டம் உள்ள இடத்தில் வையுங்கள்.

பழையதைப் பரிசோதிக்கும் முறை

விற்கிறவர் வீட்டிலோ கடையிலோ அவசரப்படாமல் ஒன்றரை மணி நேரம் இருக்க அனுமதி கேளுங்கள். தரமாட்டேன் என்றால் வேறிடம் பாருங்கள்.

முதலில் தட்டைத் திறந்து மூடுங்கள். திக்கினால் உள்ளே இருக்கிற இறப்பர் பட்டி இளகியிருக்கும். எங்கள் வெக்கையில் அது சாதாரணம், சின்னச் செலவில் மாற்றலாம், அதற்காகப் பிளேயரைத் தள்ளவேண்டாம். விலையைக் குறைக்கக் கேட்கலாம்.

சீடியைப் போட்டதும் பாட்டுகளின் எண்ணிக்கையும் நேரமும் சில செக்கன்களில் திரையில் வரவேண்டும். திரும்பத் திரும்பச் சுற்றித் தேடினால் லேசர் களைத்துவிட்டது, அல்லது லென்ஸில் தூசி.

இனி அந்த நீளமான சீடி. இசைத்தட்டு வெளியே இருந்து உள்ளே போகும். சீடி மாறி, நடுவில் தொடங்கி விளிம்பில் முடியும். லேசர் நகரும் தண்டவாளம் தேய்ந்த பிளேயர் முதல் பாட்டுகளை அழகாகப் பாடிவிட்டுக் கடைசிப் பாட்டில் தடக்கும். அதனால் நேரே கடைசிப் பாட்டுக்குப் போய் முழுதும் கேளுங்கள். பிறகு முதலில் இருந்து ஓடவிட்டு, தேத்தண்ணி குடித்துக்கொண்டு காத்திருங்கள். சூடேறிய பிறகுதான் சில நோய்கள் வெளியே வரும். ஒரு மணி நேரத்தின் பின் "டிக் டிக்" என்று சத்தம் கேட்டாலோ ஒரு பக்கம் மெலிந்தாலோ எடுக்கவேண்டாம்.

பாட்டு இல்லாதபோது, பிளேயரின் ஒலியைப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும் அம்பிளிபயரில் சத்தத்தைக் கூட்டிப் பாருங்கள். "ம்ம்ம்" என்ற இரைச்சல் வந்தால் வயரை ஒருமுறை மாற்றிப் பாருங்கள். அதற்கும் போகாவிட்டால் பவர் சப்ளையில் கறண்டைச் சேர்த்து ஒழுங்காக்கும் கெப்பாசிட்டர்கள் காய்ந்திருக்கலாம். நல்ல மெக்கானிக் மாற்றுவார், ஆனால் அந்தச் செலவையும் விலையில் கழியுங்கள்.

கொழுவும்போது

சிவப்பு, வெள்ளை வயர்களை அம்பிளிபயரில் சிடி, ஓக்ஸ், ரேப் என்று எழுதிய துளையில் கொழுவுங்கள். போனோ என்ற துளையில் மட்டும் வேண்டாம். அது இசைத்தட்டுப் பிளேயர் தரும் சில மில்லிவோல்ற்றுக்காகச் செய்தது. சீடி பிளேயர் தருவது ஏறக்குறைய 2 வோல்ற், சத்தம் கிழிந்து வரும். வயர் உறுதியாக, இறுக்கமாக இருந்தால் போதும், விலைகூடிய வயர் இயல்பைக் கொண்டுவராது.

ஒப்பிட்டுக் கேட்பது

இரண்டு பிளேயர்களில் எது என்று தீர்மானிக்கும்போது ஏமாறுகிற இடம் ஒன்று இருக்கிறது. எது கொஞ்சம் உரத்துப் பாடுகிறதோ அதுதான் நல்லதாகத் தோன்றும். எல்லாருக்கும் அப்படித்தான், காதின் குணம் அது. ஒரு பிளேயர் 2 வோல்ற் தரும், இன்னொன்று 2.3 தரும். அந்தச் சின்ன வித்தியாசம் "உயிர்த்துடிப்பு" என்று மனதில் பதியும்.

அதனால் கைத்தொலைபேசியில் சத்தம் அளக்கும் செயலி ஒன்றைப் போட்டு, நீங்கள் இருக்கும் இடத்திலேயே வைத்து, ஒரே பாட்டின் ஒரே பகுதியை இரண்டிலும் ஓடவிட்டு அளவை ஒன்றாக்குங்கள். தொலைபேசி காட்டும் எண் துல்லியம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, இரண்டும் ஒரே எண்ணைக் காட்டினால் சரி. பிறகு வீட்டில் வேறு ஒருவரைக் கொண்டு, எது ஓடுகிறது என்று சொல்லாமல் மாற்றச் சொல்லுங்கள். என் வீட்டில் தங்கச்சி மாற்றுவாள், நான் கண்ணை மூடிக்கொண்டு இருப்பேன். வித்தியாசம் பிடிபடவில்லையா? மலிவானதை எடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

வித்தியாசம் பிடிபட்டாலும் உடனே முடிவு எடுக்கவேண்டாம். கடையில் பத்து நிமிடம் பளிச்சென்று கேட்கும் பிளேயர் வீட்டில் இரண்டாவது பின்னேரம் தலையிடி தரலாம். இரவல் வாங்க முடிந்தால் வாங்கி, இரண்டு மூன்று பின்னேரம் வழக்கம்போலக் கேளுங்கள். ஒரு சீடி முடிந்ததும் நிறுத்தத் தோன்றுகிறதா, அடுத்ததை எடுக்கக் கை போகிறதா? எனக்கு இதைவிட நம்பிக்கையான சோதனை கிடையாது.

எங்கள் காற்றில் வைத்துப் பாதுகாப்பது

சோளகம் எழும்பும் மாதங்களில் புழுதி யன்னல் இடுக்கு எல்லாவற்றாலும் உள்ளே வரும். கரையோர வீடுகளில் உப்புக்காற்றும் சேரும். கேட்காத நேரம் பிளேயரை ஒரு பருத்தித் துணியால் மூடுங்கள், ஓடும்போது எடுத்துவிடுங்கள். அம்பிளிபயரின் மேல் வைக்கவேண்டாம், அந்தச் சூடு லேசருக்கும் கெப்பாசிட்டருக்கும் கூடாது.

லென்ஸில் தூசி என்று சந்தேகம் வந்தால் பிளக்கைக் கழற்றிவிட்டு, காது துடைக்கும் பஞ்சுக் குச்சியில் ஐசோபுரோப்பைல் அற்ககோல் ஒரு துளி தொட்டு, இறகால் தடவுவதுபோலத் தடவுங்கள். அழுத்தினால் லென்ஸைத் தாங்கும் மெல்லிய கம்பி வளையும். மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு ஓடவிட்டு லேசரைப் பார்ப்பது கூடவே கூடாது, அந்த ஒளி பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைப் பழுதாக்கும்.

சீடியைத் துடைக்கும்போது வட்டமாகத் துடைக்காமல் நடுவில் இருந்து விளிம்புக்கு நேராகத் துடையுங்கள். எழுத்து உள்ள பக்கத்தைத்தான் கூடக் கவனிக்கவேண்டும், ஒலி பதிந்த படலம் அந்தப் பக்கத்துப் பூச்சுக்கு நேர் கீழே இருக்கிறது. அடிப்பக்கக் கீறலைத் தேய்த்து மங்கவைக்கலாம், மேற்பக்கம் உரிந்தால் அந்த இடம் போனதுதான். மாரியில் அலுமாரிக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பைகள் இரண்டு மூன்று போட்டு வையுங்கள்.

2022இல் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை கறண்ட் வெட்டிய நாட்கள் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அதற்குப் பிறகு பலர் வீட்டில் இன்வேர்ட்டர் இருக்கிறது. மலிவான இன்வேர்ட்டர் தரும் சதுர அலையில் ட்ரான்ஸ்போமர் உறுமும், அந்த உறுமல் ஸ்பீக்கரிலும் வரும். பிளேயருக்கென்றால் சைன் அலை தருகிற இன்வேர்ட்டர்தான் வேண்டும். சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரம் வானம் கறுத்து முழங்கத் தொடங்கினால் ஆளியை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே சுவரில் இருந்து கழற்றுங்கள். அம்பிளிபயரின் பிளக்கையும் சேர்த்துத்தான், இரண்டும் வயரால் இணைந்திருக்கின்றன.